சேர்க்கைக் காலத்தில் பள்ளிகள் சொல்வதும் சொல்லாததும்

சித்திரை பிறந்ததும் நமது வட்டாரத்தில் இரண்டு காரியங்கள் மும்முரமடைகின்றன. ஒன்று மாங்காய் வியாபாரம். மற்றொன்றை வியாபாரம் என்று சொல்லலாகாது. சட்டமும் அதற்கு இடம் தரவில்லை. ஆயினும் ஊத்தங்கரைப் பேருந்து நிலையத்தில் இறங்கி, சாலையின் இருமருங்கிலும் உயர்ந்து நிற்கும் பள்ளி விளம்பரப் பலகைகளை அண்ணாந்து பார்ப்பவருக்கு வேறு சொல் எளிதில் அகப்படுவதில்லை. மாணவர்களின் முகங்கள், அவற்றின் கீழே மதிப்பெண்கள், அவற்றுக்கும் கீழே பருத்த எழுத்தில் சேர்க்கை நடைபெறுவதாக ஓர் அழைப்பு. சிங்காரப்பேட்டைக்கும் கல்லாவிக்கும் போகிற பஸ்களின் முதுகிலும் இவ்வாசகமே. முன்பு சைக்கிளில் வந்து திண்ணையில் விழுந்த துண்டுப் பிரசுரம் இப்போது கைப்பேசியின் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

கல்வி நமது இலாகா அன்று. சாலை, குடிநீர், வீடு, சத்துணவு இவையே வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் அன்றாட அலுவல்கள். எனினும் மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டங்களுக்குச் செல்லும்போதெல்லாம் ஒரு விஷயம் நம் கண்ணில் படுகிறது. கறவை மாட்டுக்கு என்று எழுதி வாங்கிய கடனில் மாடு வருவதில்லை. எங்கே போயிற்று அந்தப் பணம் என்று விசாரித்தால், தலை குனிந்தபடி "பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தோம், ஐயா" என்கிறார் அந்த அம்மையார். இதைக் குற்றம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பிள்ளையின் படிப்புக்கு முன் மாடு எம்மாத்திரம்? ஆனால் அந்தப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் அவர் என்ன தெரிந்துகொண்டார், யார் சொல்லித் தெரிந்துகொண்டார் என்று கேட்டால், பெரும்பாலும் அந்தப் பலகையைத்தான் கை காட்டுகிறார். ஓர் ஏக்கர் மானாவாரி நிலம் வாங்க வில்லங்கச் சான்று பார்க்கிறவர்கள் நாம். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் பலகையே பத்திரமாகிவிடுகிறது.

ஊத்தங்கரைக்கு இந்தக் கல்விப் பெயர் வீணில் வந்ததன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1965 வரை சேலம் ஜில்லாவிலும், பின்னர் 2004 வரை தருமபுரி மாவட்டத்திலும், அதன்பின் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் இருந்துவரும் இத்தாலுகா, மழை குறைந்த, பின்தங்கிய பகுதி என்றே நெடுங்காலம் அறியப்பட்டது. அத்தகைய ஊரின் பள்ளியில் படித்த ஒரு மாணவி 2014-ஆம் ஆண்டு மேல்நிலைப் பொதுத் தேர்வில் 1200-க்கு 1193 மதிப்பெண் பெற்று மாநிலத்தில் முதலிடம் பெற்றார். 2016-இல் 1195 மதிப்பெண்ணுடன் முதலிடம் பெற்ற இருவரும் இவ்வூரில் படித்தவர்களே. அப்பிள்ளைகளின் உழைப்பும் அவர்தம் ஆசிரியர்களின் உழைப்பும் பொய்யல்ல. கேள்வி அதுவன்று. அந்த ஒரு மதிப்பெண்ணைப் பலகையில் ஏற்றி, "உங்கள் பிள்ளையும் இவ்வாறே ஆவான்" என்று சொல்லாமல் சொல்லுகிறபோது, அது எவ்வளவு உண்மை என்பதே கேள்வி.

இதை அரசும் உணர்ந்தது. 2017 மே மாதம் தேர்வு முடிவுகள் வெளிவந்தபோது, மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கம் கைவிடப்பட்டது. அதே ஆண்டில், மேல்நிலை முதலாம் ஆண்டுக்கும் பொதுத் தேர்வு உண்டு என்றும், மொத்த மதிப்பெண் 1200-க்குப் பதிலாக 600 என்றும் ஆணை பிறந்தது. முதலாண்டுப் பாடத்தை அடியோடு விட்டுவிட்டு, இரண்டாம் ஆண்டுப் பாடத்தையே இரண்டு ஆண்டும் உருப்போட வைக்கும் பழக்கம் பல பள்ளிகளில் வேரூன்றியிருந்ததே அதற்குக் காரணம். அவ்வாறு படித்த பிள்ளை மாநிலத் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்று, கல்லூரியின் முதல் பருவத்திலேயே திணறுவதைக் கல்லூரி ஆசிரியர்கள் அறிவார்கள். அந்த முதலாண்டுப் பொதுத் தேர்வு 2025-26 கல்வியாண்டு முதல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகையால், "முதலாம் ஆண்டில் முதலாம் ஆண்டுப் பாடந்தானே நடத்துகிறீர்கள்?" என்று பெற்றோர் கேட்க வேண்டிய அவசியம் மீண்டும் வந்திருக்கிறது. இடப்பட்டியல் போய்விட்டாலும் பலகைகள் போகவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எண்ணிக்கையின் மயக்கம்

மதிப்பெண் விளம்பரத்தைப் படிக்கும் விதம் ஒன்று உண்டு. ஒரு பள்ளியின் பலகையில் "550-க்கு மேல் 60 பேர்" என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். மற்றொரு பள்ளி பலகையே வைக்கவில்லை. அங்கே 550-க்கு மேல் பெற்றவர் எட்டுப் பேர். முன்னதில் தேர்வு எழுதியவர் 600 பேர் என்றும், பின்னதில் 40 பேர் என்றும் தெரிந்தால் கணக்கு தலைகீழாகிறது. முன்னதில் பத்தில் ஒருவர், பின்னதில் ஐந்தில் ஒருவர். எத்தனை பேர் எழுதினர் என்னும் அந்த ஓர் எண், எழுதுவதற்கு மிகக் குறைந்த இடமே பிடிக்கும். ஆனால் பலகையில் அதற்கு மட்டும் இடம் இருப்பதில்லை.

இன்னும் ஒன்று. பத்தாம் வகுப்பில் 500-க்கு 490 பெற்ற பிள்ளைகளை, கட்டணம் வேண்டாம், விடுதியும் இலவசம் என்று சொல்லி அழைத்துச் சேர்த்துக்கொள்ளும் பள்ளிகள் உண்டு. அப்பிள்ளைகள் எங்கே படித்திருந்தாலும் நன்றாகவே எழுதியிருப்பார்கள். அவர்களுடைய முகத்தைப் பார்த்து முழுக் கட்டணம் செலுத்திச் சேர்கிறவன் 340 மதிப்பெண் பெற்ற நம்மூர்ப் பையன். அவனைப் போன்று உள்ளே வந்தவர்கள் வெளியே போகும்போது என்ன பெற்றார்கள் என்பதே அவன் தகப்பனார் அறிய வேண்டுவது. மருத்துவ நுழைவுத் தேர்வுப் பயிற்சி விளம்பரங்களிலும் இதே சூட்சுமந்தான். முதல் முறையே தேறியவர் எத்தனை பேர், பள்ளியை முடித்து ஓராண்டு ஈராண்டு தனியே பயின்று தேறியவர் எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்வார் அரிது.

தனிப் பயிற்சி நிலையங்களின் இத்தகைய விளம்பரங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் நெறிமுறைகள் வகுத்தது. தேறிய மாணவரின் எழுத்து மூலமான சம்மதம் இன்றி, அதுவும் தேறிய பின்னர் பெற்ற சம்மதம் இன்றி, அவர் பெயரையோ படத்தையோ போடலாகாது. அவர் எந்தப் பாடத்திட்டத்தில், எவ்வளவு காலம், பணம் கட்டியா கட்டாமலா பயின்றார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரம் என்பதற்குத் தரும் இலக்கணத்தில், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அடங்கும். முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். பள்ளிக் கல்வி அச்சட்டம் கூறும் 'சேவை' ஆகுமா என்பதில் நீதிமன்றத் தீர்ப்புகள் ஒரே வழியில் செல்லவில்லை. எனவே பள்ளிகளுக்கு அது அப்படியே பொருந்தும் என்று நாம் சொல்லத் துணியவில்லை. ஆயினும், மறைத்தலும் பொய்யே என்னும் அந்த இலக்கணம் நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

சட்டம் கேட்கச் சொல்பவை

பள்ளிகளுக்கென்றே உள்ள சட்டங்கள் தெளிவானவை. 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின்படி அங்கீகாரம் இன்றிப் பள்ளி நடத்தக் கூடாது. நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், பின்னும் தொடர்ந்தால் நாளொன்றுக்குப் பத்தாயிரம். அங்கீகாரமும் குறிப்பிட்ட வகுப்பு வரைக்கும், குறிப்பிட்ட காலத்துக்கும் தரப்படுவதே. ஐந்தாம் வகுப்பு வரை அங்கீகாரம் பெற்ற பள்ளி, "மேல் வகுப்புக்கு அடுத்த வருஷம் வந்துவிடும்" என்று சொல்லி ஆறாம் வகுப்புக்குப் பணம் வாங்கினால், அந்தப் பிள்ளையின் ஓராண்டு யாருடைய கணக்கில் எழுதப்படும்? 'மத்திய வாரியப் பாடமுறையில்' என்று எழுதியிருப்பதற்கும், மத்திய வாரியத்தின் இணைப்பு பெற்றது என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை உண்டு. ஒன்பதாம் வகுப்பில் மாணவர் பெயரை வாரியத்தில் பதிவு செய்யும்போதுதான் அந்த வேற்றுமை பெற்றோருக்குத் தெரியவருகிறது. இணைப்புப் பெற்ற பள்ளியாயின், தன் கட்டணம், ஆசிரியர் விவரம், கட்டட உறுதி மற்றும் தீயணைப்புச் சான்றுகள், முந்திய ஆண்டுகளின் தேர்ச்சி ஆகியவற்றைத் தன் இணையப் பக்கத்தில் வெளியிட வேண்டும் என்பது வாரியத்தின் கட்டளை. ஊரில் படித்த பிள்ளை ஒருவன் கைப்பேசியில் அதனை ஐந்து நிமிஷத்தில் எடுத்துக் காட்டிவிடுவான். அந்தச் சான்றுகள் வெறும் காகிதமல்ல. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டதை மறந்தவர் நம்மில் யாரும் இருக்க முடியாது.

கட்டணத்தைப் பொறுத்தவரை, 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையிலான குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் தனித்தனியே கட்டணம் நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் வாங்குவது குற்றம். நன்கொடை என்ற பெயரில் வாங்கினால், வாங்கியதைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் விதிக்கக் கல்வி உரிமைச் சட்டம் இடமளிக்கிறது. நடைமுறையில் கஷ்டம் எங்கே வருகிறதென்றால், பிரசுரத்தில் ஒரு தொகையும், சேர்ந்த பின் சீருடை, புத்தகம், வண்டி, விடுதி, சிறப்புப் பயிற்சி என்று வேறு தொகைகளும் முளைப்பதில்தான். ஆண்டு முழுவதற்கும் மொத்தம் எவ்வளவு, எந்தெந்தத் தவணையில், எதற்கெல்லாம் ரசீது உண்டு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வதே உசிதம். எழுதிக் கொடுக்கத் தயங்கும் பள்ளி, அத்தயக்கத்தினாலேயே ஒரு பதிலைச் சொல்லிவிட்டது.

மழலை வகுப்புச் சேர்க்கைக்குப் பிள்ளையையும் பெற்றோரையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்பதும் சட்டவிரோதமே. முதல் முறை 25,000 ரூபாய், அடுத்தடுத்து 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. நமது மாவட்டம் கர்நாடகத்தையும் ஆந்திரத்தையும் ஒட்டியது. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் இங்கே ஏராளம். தாய் தெலுங்கில் சிந்தித்து, தமிழில் பேசி, ஆங்கிலக் கேள்விக்கு விழித்து நிற்கும் காட்சியை நாம் கண்டிருக்கிறோம். அந்தக் கேள்வியைக் கேட்கவே பள்ளிக்கு அதிகாரம் இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

இருபத்தைந்து விழுக்காடு இட ஒதுக்கீட்டைப் பற்றியும் ஒரு சொல். சிறுபான்மையினர் பள்ளிகள் நீங்கலாக, உதவி பெறாத தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் நான்கில் ஒரு பங்கு இடம், அருகில் வசிக்கும் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு உரியது. கட்டணம் இல்லை. ஆனால் இந்த இலவசம் எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணச் சீட்டு கைக்கு வரும்போது திகைத்து நிற்கும் குடும்பங்கள் உண்டு. சேர்க்கும் அன்றே இதைச் சொல்லிவிட்டால் பள்ளிக்கு என்ன நஷ்டம்?

அவ்வாறே, இடையில் வேறு பள்ளிக்கு மாற விரும்பும் பிள்ளையின் மாற்றுச் சான்றிதழைப் பிடித்து வைப்பதும் முறையன்று. மாற்றுச் சான்றிதழ் கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவி ஆகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் கூறியிருக்கிறது.

பலகையில் எழுதும் ஒரு பொய்யான சொல் பணத்தோடு நிற்பதில்லை என்பதை நமது மாவட்டம் மிகக் கசப்பாக அறிந்துகொண்டது. 2024 ஆகஸ்டில், பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் தேசிய மாணவர் படை முகாம் என்று சொல்லி மாணவிகள் இரவு தங்க வைக்கப்பட்டனர். அங்கே சிறுமியர் பாலியல் கொடுமைக்கு ஆளாயினர். பின்னர் தெரிந்தது, அந்தப் பள்ளியில் அப்படையின் பிரிவே கிடையாது, முகாமும் போலி என்பது. பிரிவு உண்டா என்று மாவட்டத்தில் உரிய அலுவலகத்தை ஒருவர் ஒருமுறை கேட்டிருந்தால் போதும். கேட்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. பள்ளி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பெற்றோர் நம்பினர். அந்த நம்பிக்கையில் தவறு காண முடியுமா?

நம் பக்கத்துக் குறைகள்

இதுவரை தனியார் பள்ளிகளைப் பற்றியே பேசிவந்தோம். அரசுப் பள்ளிகளும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளும் இவ்விஷயத்தில் அப்பழுக்கற்றவை என்று வாசகர் எண்ணிவிடக் கூடாது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, வேறொரு வட்டாரத்தில் நாம் பணியாற்றியபோது, மேள தாளத்துடன் சேர்க்கைப் பேரணி ஒன்று நடத்தினோம். ஜூன் மாதம் புதுக் கட்டடம் தயாராகிவிடும் என்று வீடு வீடாகச் சொன்னோம். மதிப்பீடு தயாராயிருந்தது, பணம் வரவில்லை. தை மாதம் வரையில் அந்தப் பிள்ளைகள் சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்து படித்தனர். முகூர்த்த நாட்களில் மரத்தடியில். ஒரு தகப்பனார் நம்மை வழிமறித்து, "ஐயா, காசு வாங்குகிற பள்ளிக்கூடம் பொய் சொன்னால் காசைத் திருப்பிக் கேட்கலாம். நீங்கள் சொன்னதை நாங்கள் யாரிடம் போய்க் கேட்பது?" என்றார். அதற்கு நம்மிடம் விடை இல்லை. இருக்கிறதை மட்டும் சொல்வது, வரப்போவதைச் சொல்வதில்லை என்று அன்று முதல் ஒரு விதி வைத்துக்கொண்டோம்.

நாம் சொல்லாமல் விடுவது வேறொன்றும் உண்டு. அது குறையை அல்ல, நிறையை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றவர்களுக்கு மருத்துவக் கல்லூரி இடங்களில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2020-இல் சட்டமாயிற்று. மறு ஆண்டு அது பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் விரிந்தது. அவ்வாறு அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி செல்லும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-லும், ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கின. அரசுப் பணி நியமனங்களில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையைக் கடன் வாங்கி ஆங்கில வழித் தனியார் பள்ளிக்கு மாற்றும் தாய், இவ்வளவையும் விட்டுக்கொடுக்கிறோம் என்று அறிந்து மாற்றினால் அது அவர் விருப்பம். அறியாமல் மாற்றினால் சொல்லாதவர்கள் நாமே.

ஆகவே, ஒவ்வொரு பள்ளியும், அரசுப் பள்ளியாயினும் தனியார் பள்ளியாயினும், மே முதல் நாள் கிராம சபைக்கு முன்பாக ஒரே ஒரு பக்கத் தாளை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும் என்பது நமது யோசனை. எந்த வகுப்பு வரை, எந்த ஆண்டு வரை அங்கீகாரம்; பள்ளியின் 11 இலக்கக் குறியீட்டு எண்; குழு நிர்ணயித்த கட்டணம்; எத்தனை வகுப்புக்கு எத்தனை ஆசிரியர்; சென்ற ஆண்டு எழுதியவர் எத்தனை பேர், தேறியவர் எத்தனை பேர்; இவ்வளவே போதும். தாளில் உள்ளதற்கும் பள்ளியில் உள்ளதற்கும் பொருத்தமில்லையெனில், தனியார் பள்ளிகளுக்கென உள்ள மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம். 14417 என்னும் கல்வித் துறை உதவி எண்ணிலும் சொல்லலாம். பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிய புகாராயின் ஒரு கணமும் தாமதியாமல் 1098-க்குச் சொல்ல வேண்டும்.

ஓர் ஊராட்சியில் இதனைச் செய்து பார்த்தோம். தனியார் பள்ளிகளிடமிருந்து தாள் வரவில்லை. ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை மட்டும் எழுந்து தம் தாளைப் படித்தார். ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள். ஆங்கில வழிப் பிரிவு உண்டு, அதற்கும் அந்த இரண்டு ஆசிரியர்களே. காலைச் சிற்றுண்டியும் மதிய உணவும் உண்டு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரும் தமிழ் சரளமாகப் படிப்பார்கள், ஆங்கிலத்தில் பாதிப் பேர்தான். கழிப்பறை இருக்கிறது, பங்குனிக்குப் பின் தண்ணீர் இல்லை. பக்கத்தில் இருந்த அலுவலர் ஒருவர், "இதையெல்லாமா சபையில் படிப்பார்கள்?" என்று நம் காதோடு முணுமுணுத்தார்.

அந்த ஆண்டு அப்பள்ளியில் சேர்க்கை கூடவில்லை; குறையவும் இல்லை. ஆனால் தாள் படித்து முடிந்ததும் பின் வரிசையில் இருந்து ஓர் அம்மையார் எழுந்து, தண்ணீர் ஏன் இல்லை என்று தலைமையாசிரியையைக் கேட்காமல் நம்மைக் கேட்டார். ஆழ்குழாயில் நீர் கீழே போய்விட்டது, மோட்டாரை இறக்கிக் கட்ட வேண்டும் என்றோம். எப்போது என்றார். தேதி சொல்ல வேண்டியதாயிற்று. ஆனி மாதம் இரண்டாவது வாரத்தில் மோட்டார் இறக்கப்பட்டது.